சாப்பாட்டுக்கு அப்பீல் இல்லை

கிள்ளான் கோர்ட்டுக்குப் பின்பக்கம் கேன்டீன் நடத்தியவன் நான். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதிப் பலகை மாட்டியிருந்தேன். அந்தப் பலகைக்கு நேர் கீழே உள்ள மேசையில்தான் அந்த அக்கா தன் ஐந்தடுக்குக் கேரியரைத் திறப்பார். என் பிழைப்பைக் கெடுக்க வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கெடுத்தது வேறு ஆட்களின் பிழைப்பை என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது.

எண்பதுகளின் கடைசி. அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வருவார். கஞ்சி போட்ட நூல் சேலை, நெற்றியில் விபூதிக் கீற்று, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. ஒரு கையில் கேரியர், மறு கையில் ஈரப் பேப்பரில் சுருட்டிய வாழையிலை. பார்க்கிறவர்கள் கோயில் அன்னதானத்துக்குப் போகிறார் என்று நினைப்பார்கள். அவர் வேலை பார்த்தது கிள்ளானில் ஒரு மின்சாதனக் கடையில். ஃப்ரிட்ஜ், டிவி, கிரைண்டர், தையல் மெஷின் என்று எல்லாவற்றையும் தவணைக்குக் கொடுக்கும் கடை. வாங்கிய சாமான் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது என்று யாராவது கோர்ட்டில் சின்ன வழக்குப் போட்டால், கடை சார்பில் வருவது இந்த அக்காதான். சின்ன வழக்குக்கு வக்கீல் வரக்கூடாது என்று ஓர் ஏற்பாடு இருந்தது. இல்லாதப்பட்டவர்கள் பயப்படாமல் தாங்களே வந்து பேசட்டும் என்று நல்ல மனசோடு செய்தது. வக்கீலை அனுப்ப முடியாததால் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, அக்காவை அனுப்பினார். வக்கீலே வந்திருந்தால் தேவலை என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன்.

கோர்ட்டுக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவதில்லை. எஸ்டேட்டிலிருந்து இருட்டிலேயே கிளம்பி, ரெண்டு பஸ் மாறி, பெட்டியில் இருக்கும் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். வயிற்றில் பயம் இருக்கும்போது சோறு எங்கே இறங்கும்? என்னிடம் பால் விடாத ஒரு தே ஓ வாங்கி, அதையும் பாதி வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஓரமாக உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் அக்கா போய் நிற்பார்.

"சாப்டீங்களா?"

"இல்லீங்க. வெறும் தண்ணிதான்."

"அதான் மொகமே வாடிக் கெடக்கு. வாங்க, மொதல்ல சாப்பிடுங்க. கேஸ் எங்கயும் ஓடிடாது."

தான் யார் என்பதை அவர் மறைத்ததே இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "நான்தாங்க கடையிலேருந்து வந்திருக்கேன். அதுக்காக நீங்க பட்டினி கெடக்கணுமா? மேல போய் சண்டை போட்டுக்குவோம். இப்ப சாப்பிடுங்க" என்பார். அந்த வார்த்தையிலேயே எதிராளி பாதி கரைந்துவிடுவார். கடைக்காரி என்று கொம்பும் பல்லுமாக எதிர்பார்த்து வந்தவருக்கு முன்னால், கத்தரிக்காய்ப் பெரட்டலும் நெத்திலிச் சம்பாலும் பொரித்த அப்பளமுமாக இலை விரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் சைவம். யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பார். சமையல் பிரமாதம். மணம் என் அடுப்பங்கரை வரை வந்து என் பரோட்டாவைக் கேலி செய்யும்.

சாப்பிடும்போது வழக்கைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டார். மகள் என்ன படிக்கிறாள், எந்த எஸ்டேட், அங்கே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தாரே அவர் எப்படி, இப்படியே போகும் பேச்சு. "இன்னும் ஒரு கரண்டி" என்று போட்டுக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் அவர் கண் ஆளைப் பார்க்காது. இலையைப் பார்க்கும்.

ரொம்ப நாள் கழித்துத்தான் அது எனக்குப் பிடிபட்டது. எங்கள் வீட்டு விசேஷங்களில் சஹன் என்ற பெரிய தட்டு வைத்து நாலு பேர் ஒன்றாகச் சாப்பிடுவோம், இலைப் பழக்கம் குறைவு. ஆனாலும் இலையைத் தன் பக்கமாக மடித்தால் மனசு நிறைந்தது, உறவு தொடரட்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கமாக மடிப்பது இழவு வீட்டில் என்பது எனக்கும் தெரியும். யாரும் யோசித்து மடிப்பதில்லை. கை தானாகச் செய்யும். எதிராளி தன் பக்கமாக இலையை மடித்ததும் அக்கா எழுந்து, அவர் கை கழுவி வருவதற்குள் மாடிக்குப் போய், கவுன்ட்டரில் இருக்கும் கிளார்க்கிடம் "இது செட்டில்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அப்போது சம்மதப் பேச்சே தொடங்கியிருக்காது. மடிக்காமல் யாராவது யோசனையோடு உட்கார்ந்திருந்தால் கடைசி அடுக்கைத் திறப்பார். அதில் சவ்வரிசிப் பாயசம்.

கை துடைக்கத் துண்டை நீட்டும்போதுதான் விஷயம் வரும். "தவுக்கேகிட்ட பேசிட்டேங்க. ரிப்பேர் பண்ணித் தந்துடறாங்க. இனிமே இத பத்தி ஒண்ணும் கேக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க. நமக்குள்ள என்ன?" ஈரக் கையோடு நிற்கிற மனிதர் என்ன சொல்வார்? இப்போதுதான் அந்த அம்மா கையால் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். நாக்கில் பாயசம் இன்னும் இனிக்கிறது.

மாடியில் மாஜிஸ்திரேட் நல்லவர். மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒருமுறைக்கு இருமுறை கேட்பாராம். புரிந்துதானே ஒத்துக்கொள்கிறீர்கள், யாரும் மிரட்டவில்லையே என்று. மிரட்டவா? யார் மிரட்டினார்கள்? "சம்மதங்க ஐயா" என்பார்கள். அவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். முடிந்தது. மலாய்க்காரர்களும் சீனர்களும் போட்ட வழக்குகளுக்குக் கடையிலிருந்து வேறொருவர் வருவார், டை கட்டிய ஆள். அவர் பாதிக்கு மேல் தோற்றுப்போவார். அக்காவின் வித்தை பலித்தது நம் ஆட்களிடம் மட்டும்தான்.

ஒரு தடவை தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் வந்தார். ஃப்ரிட்ஜ் வழக்கு. அக்காவைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருப்பார் போல. அக்கா கூப்பிட்டதும், "நான் ரொட்டி கொண்டாந்திருக்கேன், நன்றி" என்று முறைப்பாகச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வாய்யா வாத்தியாரே என்று அவருக்கு ஒரு தே தாரிக் நல்லா இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அக்கா கொஞ்சம்கூட அலட்டிக்கொள்ளவில்லை. வாத்தியாரின் மனைவிக்கு இலை போட்டார். அந்த அம்மா மாசமாக இருந்தார். மாங்காய்த் தொக்கைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. வாத்தியார் ரொட்டியை முடிப்பதற்குள், "விடுங்களேங்க, பாவம், பெத்த தாய் மாதிரி பேசறாங்க. அவங்களப் போய் கூண்டுல ஏத்தறதா?" என்று மனைவி ஆரம்பித்துவிட்டார். மாடியில் போய் வாத்தியாரும் சம்மதம் சொன்னாராம். அந்த ஃப்ரிட்ஜில் கடைசி வரை அரிசிதான் கொட்டி வைத்திருந்தார்கள் என்று கேள்வி.

எனக்கும் ஒருநாள் வாய் அரித்தது. "அக்கா, போர்டைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். அடுத்த வாரம் என் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் கிள்ளான் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தோம். எப்படித்தான் தெரிந்ததோ, வார்டில் போய் நிற்கிறார், மிளகு ரசமும் குழைந்த சோறுமாக. தினமும் வந்தார். என் மனைவி இன்றைக்கும் அந்த ரசத்தைப் பற்றிப் பேசுவாள். வீடு திரும்பிய பிறகு நான் பலகையைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு எப்படித் திறக்கும்?

ஆனால் அவர் மட்டும் யாரிடமும் எதையும் வாங்கிச் சாப்பிட மாட்டார். என் கேன்டீனில் தே குடித்தால் குவளை மேசைக்கு வரும் முன்பே காசு மேசையில் இருக்கும். இனாமாக ஒரு பிஸ்கட் வைத்தால் அப்படியே கிடக்கும். ஹரி ராயாப் பெருநாளுக்கு வட்டலப்பம் செய்து கொடுத்தனுப்பினேன். பத்திரமாக எடுத்துப் போய் மாடிக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டார். அந்த ஆள் என்னிடமே வந்து, பாய், வட்டலப்பம் ரொம்ப ஜோர் என்றார். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் அக்காவிடம் ஒரே பதில்தான். "நான் வீட்லயே சாப்பிட்டுட்டேன்."

அந்த வீட்டுக்கும் ஒருமுறை போயிருக்கிறேன். கேரியரின் ஓர் அடுக்கை மறந்து விட்டுப் போய்விட்டார். மஸ்ஜித் இந்தியாக் கடைத்தெருவில் மசாலா வாங்கப் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று பிரிக்பீல்ட்ஸில் இறங்கினேன். மாடி வீடு. தனியாக இருந்தார். மேசையில் ஒரு குவளை வரக்காப்பியும், அதில் முக்கித் தின்றுகொண்டிருந்த காய்ந்த ரொட்டித் துண்டும். அடுப்பு பளிச்சென்று துடைத்துக் கிடந்தது. "வாங்க பாய்" என்றார். அடுக்கை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். நான் வெயிலில் நடந்து வந்து வேர்த்து நிற்கிறேன், ஒரு வாய் தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"என்னக்கா, எங்கிட்ட மட்டும் சாப்டீங்களான்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன், விளையாட்டாகத்தான்.

"உங்களுக்கு என்ன கேஸா பாய்?" என்று சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். படியிறங்கும்போது அந்த ரசம் ஞாபகத்துக்கு வந்து எனக்கு நெஞ்சைக் கரித்தது.

அதற்குப் பிறகுதான் மாவுக்காரப் பெண் வந்தாள். காப்பார் ஊர்ப் பக்கம். காலைப் பாசாரில் தோசை மாவு விற்கிறவள். கடையில் ஒரு கிரைண்டர் தவணைக்கு எடுத்திருந்தாள். தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதாம். ரெண்டு தடவை ரிப்பேர் பார்த்தும் தீரவில்லை. எனக்கு மெஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், திருப்பி எடுத்துக்கிட்டு என் காசைக் கொடுங்க என்று வழக்குப் போட்டிருந்தாள். நியாயமான வழக்கு. மாடியில் வாதாடியிருந்தால் ஜெயித்திருப்பாள். ஆனால் விடியுமுன்னே பாசாரில் மாவு விற்றுவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருந்தாள். இலை போட்டதும் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டாள். "எங்கம்மா செத்ததுக்கு அப்பறம் எனக்கு யாரும் பரிமாறினதில்லக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. இலையைத் தன் பக்கமாக அழகாக மடித்தாள். மோட்டாரை இன்னொரு தடவை கடை சரிபார்த்துத் தரும், அந்த மெஷினால் இனி எது நடந்தாலும் அவள் ஒன்றும் கேட்கக் கூடாது என்று சம்மதம். மேலே ஒரு தோசைக்கல் இனாம். தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போனாள்.

மெஷின் ரிப்பேராகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரை அணைக்கப் போன அவள் புருஷனைக் கரன்ட் பிடித்துக்கொண்டது. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். உயிர் தப்பியது. வலது கை வெந்து, விரல்கள் உள்ளே மடங்கிப்போய், திரும்ப விரியவே இல்லை. இடது கைக்கும் நடுக்கம் வந்துவிட்டது. லோரிக்காரக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அவள் நேரே கேன்டீனுக்கு வந்தாள். அக்கா வேறொருவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கி நான் சொன்ன சம்மதத்த ரத்து பண்ணணும். அப்பீல் எந்தக் கோர்ட்டுல போடறது? உங்களுக்குத் தெரியும்லக்கா, சொல்லுங்க."

அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. இந்தக் கேள்வியோடு திரும்பி வந்தவர்களில் அவள் முதல் ஆள் இல்லை. பதில் மனப்பாடம்.

"அப்பீல்னா என்னம்மா? ஜட்ஜ் தப்பா தீர்ப்பு சொன்னாருன்னு மேல போறது. இங்க ஜட்ஜ் என்ன சொன்னாரு? நீ சொன்னத எழுதினாரு. உன் மேலயே நீ அப்பீல் போவியா? அதக் கேக்க எந்தக் கோர்ட்டும் இல்லம்மா." சொல்லிவிட்டு அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். "மூஞ்சியே சரியில்லையே. சாப்டியா?"

கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தாலும் எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அவள் நம்பவில்லை. ஷா ஆலம் பெரிய கோர்ட்டுக்குப் போனாள். கோலாலம்பூருக்கும் போனாள். யாரும் அவளை விரட்டவில்லை, உட்கார வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பதில். ஒத்துக்கொண்டு வாங்கிய உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. ஷா ஆலமில் ஒரு பெரியவர் மட்டும் கொஞ்சம் விளக்கியிருக்கிறார். ஏமாற்றி வாங்கிய சம்மதம் என்றால் புதிதாக வேறு வழக்குப் போடலாம், ஆனால் ஏமாற்றினார்கள் என்று நீதான் நிரூபிக்க வேண்டும் என்று. பிறகு கேட்டாராம், "எப்படிம்மா ஏமாத்துனாங்க? பொய் சொன்னாங்களா?"

"இல்லய்யா."

"மிரட்டுனாங்களா?"

"இல்லய்யா. சோறு போட்டாங்க."

பக்கத்தில் இருந்த கிளார்க் பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம். இதை என்னிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த சின்ன வழக்கு நாளில் புருஷனைக் கூட்டிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தாள். அக்காவின் மேசைக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தாள். ஒரு டின்னைத் திறந்தாள். பழைய சோறு, மேலே கொஞ்சம் பருப்புத் தண்ணி. பிசைந்து உருட்டி அவருக்கு ஊட்ட ஆரம்பித்தாள். நல்ல மீசை வைத்த, ஆறடி மனிதர். தலையைக் குனிந்துகொண்டு, வாயைத் திறந்தும் திறக்காமலும் வாங்கிக்கொண்டார். மடங்கிய கை மேசை மேல் கிடந்தது.

"என்னம்மா இது, இங்க வந்து?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"எந்தக் கோர்ட்டும் கேக்காதுன்னுட்டாங்க பாய். அதான் இங்க வந்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சின்ன வழக்கு நாளும் வந்து அப்படியே ஊட்டினாள். அக்கா இலையில் சாப்பிட உட்கார்ந்தவர் திரும்பிப் பார்ப்பார். "அவருக்கு என்னாச்சுங்க?" என்று கேட்பார். "கடைக் கிரைண்டர்" என்று அவள் இரண்டே வார்த்தை சொல்வாள். கேட்டவருக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் ஒரு பெரியவர் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார். மாடிக்குப் போய்ச் சம்மதம் இல்லை என்றார். ஜெயித்தார். அடுத்த தடவை ஒரு பையில் பழைய தையல் மெஷின் பாகங்களோடு வந்த அம்மா, இலையே வேண்டாம் என்றுவிட்டார். அவரும் ஜெயித்தார். நான் அன்றைக்கு அந்த அம்மாவிடம் தே-க்குக் காசு வாங்கவில்லை. தவுக்கே அக்காவைக் கடையில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அக்கா கோபப்படவில்லை. மேசையை மாற்றவில்லை. சமையலைக் கூட்டினார். ஆட்டுக்கறிப் பெரட்டல் வந்தது, இறால் வந்தது. மணம் பக்கத்து மேசைக்குப் போய் நிற்கும். பருப்புத் தண்ணிச் சோற்றை மென்றுகொண்டே லோரிக்காரர் தலையை லேசாக அந்தப் பக்கம் திருப்புவார். மனைவி பார்க்கும்போது குனிந்துகொள்வார். நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

அவர்கள் கடைசியாக வந்த அன்று வழக்குக்கு வந்தவர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். மகளுக்குச் சீராகக் கொடுத்த ஃப்ரிட்ஜ் ஒரு நாள்கூடக் குளிரவில்லை. சம்பந்தி வீட்டில் பெண்ணை அதைச் சொல்லிக் குத்துகிறார்கள். புது ஃப்ரிட்ஜ் வாங்காமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஆனால் மாவுக்காரப் பெண் அன்றைக்கு வரச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அவள் புருஷனோடு உள்ளே வந்தபோது மரம் வெட்டுகிறவர் சாப்பிட்டு முடித்து, இலையையும் தன் பக்கமாக மடித்துவிட்டார்.

அவள் உட்கார்ந்து டின்னைத் திறந்தாள். முதல் கவளத்தை உருட்டினாள். அப்போது அக்கா எழுந்தார். ஒரு கிண்ணத்தில் சோறு போட்டு, கறிப் பெரட்டலை மேலே வைத்து, நெய் விட்டுப் பிசைந்துகொண்டே அந்த மேசைக்கு வந்தார்.

"அண்ணனுக்கு என் கையால ஒரு வாய்" என்றார். தாய் பிள்ளைக்கு நீட்டுவது போல நீட்டினார்.

வேண்டாம் என்று அவர் சொல்வார், முகத்தைத் திருப்பிக்கொள்வார், துப்புவார் என்று நான் காத்திருந்தேன். கேன்டீனே காத்திருந்தது. லோரிக்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கினார். அடுத்த வாய்க்கு அக்கா பிசைவதற்கு முன்னாலேயே அவர் வாய் திறந்துவிட்டது.

உருட்டிய கவளம் மாவுக்காரப் பெண் கையிலேயே இருந்தது. அதை அக்கா பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் ஒரு வாய் வாங்கிக்குங்கக்கா."

"நான் வீட்லயே சாப்பிட்டுட்டேம்மா."

"ஒரு வாய்தானே. என் கையால."

கை நீட்டியபடியே இருந்தது. பருப்புத் தண்ணி விரல் இடுக்கு வழியாக முழங்கைக்கு ஓடியது. அக்கா பின்னால் ஒரு அடி வைத்தார். கைக்குட்டையை எடுத்துத் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். "வேணாம்மா. நான் யார் கையாலயும் வாங்கிச் சாப்பிடறதில்ல" என்றார். அவர் அதை அப்படி வெளிப்படையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் மரம் வெட்டுகிறவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாண்ணே? அவங்க சாப்பிட மாட்டாங்க. ஏன்னு தெரியுதா? சாப்பிட்டா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும்ணே." கவளத்தை டின்னில் போட்டாள். புருஷன் மீசையில் ஒட்டியிருந்த நெய்ச் சோற்றை முந்தானையால் துடைத்தாள். அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை. மாவு விற்ற இடத்திலும் நான் போய்ப் பார்த்தேன், வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பூட்டிவிட்டு மாடிக்குப் போனார், கிளார்க்கிடம் சொல்ல.

மரம் வெட்டுகிறவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்தவர். எல்லாம் புரிந்தவர். மடித்த இலையின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லப் பிரிக்கப் பார்த்தார். குழம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டார். மேலே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கல்லாவை விட்டு ஓடிப் போய் அவர் தோளைப் பிடித்தேன்.

"அண்ணே, சம்மதம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். யாரும் உங்கள ஒண்ணும் பண்ண முடியாது. மகளை நெனச்சுப் பாருங்க லா. இப்ப விட்டா அப்பறம் கேக்கறதுக்குக் கோர்ட்டே இல்லண்ணே."

அவர் என் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். "எல்லாம் தெரியுது பாய்" என்றார். "அதான் சாப்பிட்டுட்டேனே."

சட்டையைச் சரிசெய்துகொண்டு படியேறிப் போனார்.